“பாப்பாவுக்கு ஒரு கேம் போட்டுக் கொடுங்க”: எதைப் போடுவது?

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஃபார்மேட் செய்யக் கொடுத்த லேப்டாப்பைத் திரும்ப வாங்க வருகிறவர்கள், பணத்தைக் கொடுத்து, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்பார்கள்: “அப்படியே பாப்பாவுக்கு ஏதாவது கேம் போட்டுக் கொடுங்களேன், கொஞ்சம் படிப்பு மாதிரியும் இருக்கணும்.” பல வருடம் இதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. பென்டிரைவில் என்ன கிடக்கிறதோ அதைப் போட்டு அனுப்பிவிடுவேன்.

போன மே மாத லீவுக்குத் தங்கை வந்தாள். நான்கு வயது மகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, “அண்ணா, இவ எப்பப் பாத்தாலும் என் போனையே பிடுங்குறா. உன் கடையில இத்தனை லேப்டாப் கெடக்கே, ஒண்ணுல உருப்படியா ஏதாவது போட்டுக் குடேன்” என்றாள். வாடிக்கையாளரிடம் ஒப்பேற்றிவிடலாம், தங்கையிடம் அது நடக்காது. அந்த மாதம் முழுக்கச் சாயங்கால நேரங்களில், கடைக்குக் கூட்டம் வராத சமயமாகப் பார்த்து, மாமாவும் மருமகளும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அதில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

எடுத்த லேப்டாப் ஒன்றும் பெரிய சரக்கு இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011-ல் ஆரம்பித்த திட்டம் அது. அரசுப் பள்ளியில் படித்த அக்காவோ அண்ணனோ இருக்கிற வீட்டில் பீரோ மேல் ஒன்று இருக்கும். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் ஏற்றியே கொடுத்தார்கள். இப்போது அவற்றில் பலவற்றுக்கு பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் சொருகியிருந்தால்தான் ஓடும். சின்னப் பிள்ளைக்கு அது ஒரு வசதி என்றே சொல்வேன். வயரோடு ஓரிடத்தில் கிடக்கும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் போர்வைக்குள்ளும் வராது. பிளக்கைப் பிடுங்கினால், “கரண்ட் போயிடுச்சு” என்று பிள்ளையே ஏற்றுக்கொள்ளும்.

பார்த்தவை நான்கு வகை. தங்கை போனில் ஏற்கெனவே இருந்த இலவச ஆப்கள், கான் அகாடமி கிட்ஸ், கம்ப்யூட்டரில் ஓடுகிற ஜிகோம்ப்ரி, டக்ஸ் பெயிண்ட். கடைசி மூன்றும் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. அதனால் விலையை வைத்து ஒப்பிட ஒன்றுமில்லை.

என்னென்ன கற்றுக்கொடுக்கிறது என்பதை வைத்து ஒப்பிடலாம் என்றுதான் முதலில் நோட்டில் கட்டம் போட்டேன். எழுத்து, எண், நிறம், வடிவம் என்று நான்கு பத்தி. பாதியில் கிழித்துவிட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. ஏ ஃபார் ஆப்பிள், சிவப்பு வட்டம், மூன்று வாத்து இல்லாத குழந்தை விளையாட்டே உலகத்தில் கிடையாது போலிருக்கிறது.

வித்தியாசம் வேறொரு இடத்தில் தெரிந்தது. மருமகள் நடுநடுவே கையை எடுத்துவிட்டு வாயில் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பாள். ஃபேனைப் பார்ப்பாள். அப்படிப் பிள்ளை சும்மா இருக்கும்போது அந்த விளையாட்டு என்ன செய்கிறது? சில விளையாட்டுகள் மூன்று விநாடி கூடப் பொறுப்பதில்லை. விரல் படம் வந்து ஆடுகிறது, மணி அடிக்கிறது, “இங்கே தொடு, இங்கே தொடு” என்று கூப்பிடுகிறது. சில, வாசலில் நிற்கும் மாடு மாதிரி பேசாமல் நிற்கின்றன. பிள்ளை திரும்பி வந்து தொட்டால் நகரும், இல்லையென்றால் அப்படியே கிடக்கும். இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்ததும் மற்றதெல்லாம் தானாக வரிசையில் நின்றுவிட்டது.

போன் ஆப்கள்

தங்கை போனில் இருந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். யானை பலூன் ஊதும், பலூனில் எண் இருக்கும், தொட்டால் வெடிக்கும். நான்கு பலூன் வெடித்தால் ஒரு விளம்பரம். அதில் ஒரு தடவை ரம்மி ஆடச் சொல்லி வந்தது, நான்கு வயதுப் பிள்ளைக்கு! ஐந்துக்கு மேல் எண்ணத் தடுமாறுகிறவள், விளம்பரத்தை மூடுகிற பெருக்கல் குறி எந்த மூலையில் வரும், எப்போது வரும் என்பதை மட்டும் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தாள். கட்டை விரலை அந்த இடத்துக்கு மேலே தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது.

எல்லா இலவச ஆப்பும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரத்தால் பிழைக்கிற விளையாட்டுக்குப் பிள்ளை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் காசு. அதனால் அது பொறுமையாக நிற்காது. வேறு வழியே இல்லை, பஸ்ஸில் பிள்ளை அழுகிறது, போனைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டேட்டாவை அணைத்துவிட்டுக் கொடுங்கள்; விளம்பரம் பெரும்பாலும் நின்றுவிடும். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

இதோடு இந்தப் பிரிவை விட்டுவிடுகிறேன்.

கான் அகாடமி கிட்ஸ்

இது நல்ல ஆப். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் நான் இதைத் தங்கைக்குப் போட்டுக் கொடுக்கவில்லை.

லாப நோக்கில்லாத கான் அகாடமி 2018-ல் வெளியிட்டது. 2 முதல் 8 வயது வரை என்று சொல்கிறார்கள். கோடி என்ற கரடியும் அதன் கூட்டாளிகளும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். படம், குரல், கதைப் புத்தகம் எல்லாவற்றிலும் கை தேர்ந்தவர்கள் உழைத்திருப்பது தெரிகிறது. பெற்றோரின் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்கு தொடங்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. பிள்ளை எப்படிச் செய்கிறதோ அதற்கு ஏற்றபடி அடுத்தது என்ன என்பதை ஆப்பே எடுத்து வைக்கும். செய்து முடித்தால் கரடிக்கும் மற்றவர்களுக்கும் தொப்பி, பொம்மை, பூச்சி என்று பரிசு சேரும்.

எல்.கே.ஜி.யில் ஆங்கில ஒலிகளோடு திணறுகிற பிள்ளை, வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, கையில் ஒரு டேப்லெட் இருக்கிறது என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். உச்சரிப்பு அமெரிக்க உச்சரிப்பு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை? முதல் காரணம், இது முதலில் போனுக்கும் டேப்லெட்டுக்கும் எழுதப்பட்டது.  தங்கை கேட்டதே போனிலிருந்து பிள்ளையைப் பிரிக்க. இரண்டாவது, கரடி பேசுவது அவளுக்குப் புரியவில்லை. புரியாமலே சரியாகத் தொட்டுவிடுகிறாள், அதுதான் சிக்கல். எது மினுங்குகிறதோ அதைத் தொடுவது, தொப்பியை வாங்குவது, அடுத்தது. “மாமா, தொப்பி வந்துடுச்சு” என்று காட்டுவாள். என்ன செய்தாய் என்று கேட்டால் தெரியாது. ஆங்கிலம் காதில் விழுந்து பழகிய வீட்டுப் பிள்ளைக்கு இப்படி இருக்காது என்று நினைக்கிறேன்.

டக்ஸ் பெயிண்ட்

பில் கென்ட்ரிக் என்பவர் 2002-ல் ஆரம்பித்த ஓவிய மென்பொருள். 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு. இடது பக்கம் கருவிகள், கீழே நிறங்கள், அதற்கும் கீழே ஒரு பென்குவின் நின்று குறிப்பு சொல்லும். நடுவில் வெள்ளைத் தாள். இவ்வளவுதான். கேள்வி கிடையாது, மதிப்பெண் கிடையாது, அடுத்த லெவல் கிடையாது. பிள்ளை போய் ஒரு தோசையைத் தின்றுவிட்டு வந்தாலும் தாள் அப்படியே இருக்கும்.

தங்கை பார்த்ததும் சொன்னது: “இதுல என்னண்ணா படிப்பு இருக்கு? கிறுக்குறதுதானே?”

முதல் இரண்டு நாள் அவள் சொன்னது சரிதான். திரை முழுக்கக் கறுப்பு. கறுப்பின் மேல் இன்னும் கறுப்பு. அதிலும் ஒரு கூத்து: கடை பிரிண்டர் அந்த லேப்டாப்பில் இணைந்திருந்தது. ‘அச்சிடவா?’ என்று கேட்கும், அவள் ஆமாம் என்ற படத்தை அழுத்திவிடுவாள். நான் ஒரு மதர்போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் ஆறு பக்கம் கருகருவென்று வந்து கிடக்கிறது. டக்ஸ் பெயிண்டோடு கூடவே ஒரு அமைப்புச் சாளரம், அதாவது செட்டிங்ஸ், தனி நிரலாக வரும். அதில் போய் அச்சு வேண்டாம் என்று அணைத்துவிடலாம், அல்லது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இத்தனை விநாடி என்று வைக்கலாம். வெளியேறும் பட்டனையும் அங்கேயே மறைத்துவிடலாம். மவுஸின் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒன்றுதான் என்று ஆக்குகிற வசதியும் உண்டு. இதைக் கட்டாயம் போடுங்கள். நான்கு வயதுக் கைக்கு இடது வலது தெரியாது, உள்ளங்கையால் மொத்தமாக அமுக்கும்.

மவுஸ் பற்றி ஒரு வார்த்தை. டச்பேடில் விட்டால் பிள்ளை பத்து நிமிடத்தில் வெறுத்துவிடும். விரலை வைத்துக்கொண்டே இழுப்பது பெரியவர்களுக்கே தகராறு. 300 ரூபாய்க்குள் கிடைக்கிற சின்ன மவுஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள், பெரிய மவுஸ் கைக்குள் அடங்காது. சுட்டியின் வேகத்தைப் பாதிக்குக் குறைத்துவிடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து கிறுக்கல் நின்று கோடு வந்ததற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த மவுஸ்தான், மென்பொருள் இல்லை.

அப்புறம் அந்த மாயக் கருவிகள். வானவில்லால் வரையலாம், செங்கல் அடுக்கலாம், புல் முளைக்க வைக்கலாம், ஈரப் பெயிண்ட் மாதிரி வழிய விடலாம். கலைடாஸ்கோப் என்று ஒன்று உண்டு: ஒரு பக்கம் இழுத்தால் எல்லாப் பக்கமும் அதே கோடு எதிரொலிக்கும். அதை இழுத்ததும் “மாமா, கோலம்!” என்று கத்தினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கக் கோலம்தான். மேலே இழுத்தால் கீழேயும் வருகிறது, இங்கே வளைத்தால் அங்கேயும் வளைகிறது என்று அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். தங்கை கேட்ட படிப்பு இதுதான் என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுத்துக்கும் உதவும். நேர்கோடு போடுகிற கருவியை எடுத்தால் இரண்டு கோட்டில் ட வந்துவிடும், மூன்றில் ப வந்துவிடும். அ, இ எல்லாம் மவுஸில் வராது, முயற்சி செய்து பிள்ளையைக் கஷ்டப்படுத்த வேண்டாம். அதற்கு அரிசித் தட்டு இருக்கிறது, விரல் இருக்கிறது.

படத்தைச் சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். பிள்ளைக்கு அது பெரிது. திறக்கும்போது வரைந்த படங்கள் சின்னச் சின்னதாக வரிசையாக வரும், வேண்டியதைத் தொட்டால் போதும். ஐந்தாம் நாள் என் உதவி இல்லாமல் முந்தின நாள் படத்தைத் தேடித் திறந்து, அதிலிருந்த வீட்டுக்கு ஒரு மாடி கட்டினாள். ஸ்டாம்ப் படங்கள் தனித் தொகுப்பு, அதையும் சேர்த்து இறக்க மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டேன், பத்து நாள் கழித்துத்தான் போட்டேன். போட்ட நாளிலிருந்து வரைவது கொஞ்சம் குறைந்து, மிருகங்களை ஒட்டுவது அதிகமாகிவிட்டது. மறந்ததே நல்லதோ என்று பிறகு தோன்றியது.

குறை? தானாக எதுவும் சொல்லித்தராது. பிள்ளைக்கு அன்றைக்கு வரைய மனமில்லை என்றால் அதில் செய்ய ஒன்றும் இல்லை.

ஜிகோம்ப்ரி

அந்த மனமில்லாத நாளுக்கு இது. புரூனோ குதுவான் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ல் தொடங்கியது, இப்போது கே.டி.இ. என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் வளர்க்கிறார்கள். பெயரே பிரெஞ்சில் ‘புரிஞ்சுடுச்சு’ என்று சொல்வது போல ஒலிக்கும். 2 முதல் 10 வயது வரைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் ஒரே பொட்டிக்குள். முன்பு விண்டோஸில் முழுதாகத் திறக்கப் பணம் கேட்டது, இப்போது அதுவும் இல்லை. ஒருமுறை போட்டுவிட்டால் இணையமும் தேவையில்லை. குரல் கோப்புகளை மட்டும் ஆரம்பத்தில் இறக்கிக்கொள்ளச் சொல்லும்.

இதன் பலவீனமும் அந்த நூறுதான். திறந்ததும் மளிகைக் கடை மாதிரி அடுக்கியிருக்கிறது. மீனுக்குப் பக்கத்தில் சதுரங்கம், வாத்துக்குப் பக்கத்தில் பின்னக் கணக்கு. மருமகள் முதல் நாள் ஒவ்வொன்றையும் திறந்து, ஒன்றும் புரியாமல் மூடி, பதினைந்து நிமிடத்தில் “எனக்கு வேணாம்” என்று எழுந்து போய்விட்டாள். நான் போட்டுக் கொடுத்த எத்தனை வீடுகளில் இதே கதை நடந்திருக்குமோ.

தப்பு என்னுடையது. ஒவ்வொரு விளையாட்டின் மூலையிலும் நட்சத்திரம் இருக்கும். எளிய நட்சத்திரம் ஒன்று, இரண்டு, மூன்று என்றால் 2 முதல் 6 வயதுக்கு. வேறு மாதிரி நட்சத்திரம் என்றால் 7 வயதுக்கு மேல். அமைப்பில் போய்க் குறைந்தது எத்தனை, அதிகம் எத்தனை என்று வைத்துவிட்டால் மற்றதெல்லாம் மறைந்துவிடும். நான்கு வயதுக்கு ஒன்று, இரண்டோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அவளைத் திரும்ப உட்கார வைத்தேன், கதையே வேறு.

மவுஸ் பழக்க இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஒன்றில் திரையை மூடியிருக்கும் கட்டங்கள் மேல் மவுஸை நகர்த்தினால் போதும், அவை அழிந்து கீழே ஒரு மிருகத்தின் படம் தெரியும். அழுத்தவே வேண்டாம். அது கைவந்ததும் அழுத்தி அழிப்பது, அப்புறம் இரண்டு தரம் அழுத்தி அழிப்பது. குழாய் வழியாக மவுஸை மெல்ல நகர்த்திப் பூவுக்குத் தண்ணீர் விடுவது இன்னொன்று. மீன் தொட்டியில் மீன்கள் நீந்திப் போகும், தொட்டியை விட்டுப் போவதற்குள் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். இந்த மீன் விளையாட்டு மட்டும் அவளுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி பிடித்தது. என் சோதனைப்படி பார்த்தால் இது பொறுமையாக நிற்கிற விளையாட்டும் இல்லை, மீன் ஓடுகிறது. ஆனாலும் பிடித்தது. என்ன செய்ய!

நிறத்துக்கு ஒரு வாத்து விளையாட்டு. நிறத்தின் பெயரைக் குரல் சொல்லும், அந்த நிற வாத்தைத் தொட வேண்டும். நாங்கள் ஆங்கிலக் குரலில்தான் வைத்திருந்தோம். கான் அகாடமி கரடியிடம் புரியாமல் தொட்டது போல இதிலும் ஆகிவிடக் கூடாது என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நானே குரல் ஆனேன். “ஊதா வாத்தைப் பிடி.” அது சொன்ன நிறம் ஒன்று, நான் சொன்னது ஒன்று என்றானால் தப்பு விழுமே என்று கேட்காதீர்கள், என் காதில் மட்டும் இயர்போன். கடைக்கு வந்த ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

எண்ணுக்குப் பகடை விழும் விளையாட்டு. புள்ளிகளை எண்ணி அந்த எண்ணைக் கீபோர்டில் அழுத்த வேண்டும். அவளுக்குப் பகடை என்றால் பாட்டி வீட்டுத் தாயக்கட்டைதான். ஆறு பக்கப் பகடையில் ஐந்தைப் பார்த்ததும், “நடுவுல ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு” என்றாள். அதாவது நான்கு அவளுக்குப் பார்த்ததுமே தெரிகிறது, எண்ண வேண்டியதில்லை. இது எனக்கும் புதிய செய்தி. ஆனால் உண்மையைச் சொன்னால், எண்ணிக்கைக்குப் பல்லாங்குழிதான் ஒரு படி மேல். புளியங்கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் போடும்போது வாய் சொல்வதும் கை போடுவதும் ஒன்றாகவே நடக்கும். திரையில் புள்ளி கைக்கு வராது.

படங்களைப் பார்த்தால் பல பேர் பல காலத்தில் வரைந்தது மாதிரி, ஒன்றுக்கொன்று சேராது. கான் அகாடமியின் மெருகு இதில் கிடையாது. சில விளையாட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில்தான் இருக்கும், பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பிள்ளையை உட்கார வைத்துவிட்டுச் சமையல் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். அந்த வேலைக்குக் கரடி மேல்.

சரி, தமிழ்?

டக்ஸ் பெயிண்டைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். பட்டன்களும் குறிப்புகளும் தமிழில் வரும். அது வாசிக்கத் தெரிந்த நமக்கு. பிள்ளைக்கு அதனால் லாபமில்லை. தமிழ் எழுத்தை விளையாட்டாகவே சொல்லித்தருகிற, விளம்பரமில்லாத, காத்திருக்கிற ஒன்று என் கைக்கு இன்னும் சிக்கவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் மழலைக் கல்வி என்று ஒரு பகுதி இருக்கிறது. பாட்டு, கதை, எண், எழுத்து எல்லாம் நல்ல தமிழில் உண்டு, ஆனால் அது பார்ப்பதும் கேட்பதும்தான், விளையாட்டு இல்லை. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய. மடியில் உட்கார வைத்து வாசித்துக் காட்ட அருமையானது. அதையும் விளையாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது.

இணையத்தில் கிடைக்கிற பழைய பரிந்துரைப் பட்டியல்களை நம்பி இறங்காதீர்கள். குழந்தைகளுக்கான இணைய விளையாட்டுகள் ஒரு காலத்தில் பெரும்பாலும் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் எழுதப்பட்டவை. 2020 கடைசியோடு ஃபிளாஷுக்கு மூடுவிழா நடந்துவிட்டது. பட்டியல் இருக்கும், அழுத்தினால் வெறும் கட்டம்தான் வரும்.

எவ்வளவு நேரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, 2 முதல் 4 வயது வரைக்கும் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 முதல் 5 வயதுக்கு அதே ஒரு மணியைத்தான் உச்சமாக வைக்கிறது, அதுவும் பெரியவர் மேற்பார்வையில். டிவியில் ஓடும் பாட்டும் இந்தக் கணக்கில்தான் வரும் என்பதை வீட்டில் பலரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நாங்கள் இருபது நிமிடம் வைத்தோம். டக்ஸ் பெயிண்டில் இருபது நிமிடம் ஆனதும் எழுந்துவிடுவாள். பலூன் யானையிடமிருந்து அவளைப் பிரிக்க ஒவ்வொரு தடவையும் ஒரு அழுகை தேவைப்பட்டது. இதுவும் ஒரு சோதனைதான், நீங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம்.

எதை எடுப்பது

மூன்று வயது, மூன்றரை வயது என்றால் டக்ஸ் பெயிண்ட் மட்டும் போதும், கூட ஜிகோம்ப்ரியின் அந்த அழிக்கிற விளையாட்டு ஒன்றோ இரண்டோ. நான்கு, நான்கரைக்கு இரண்டும், நட்சத்திரத்தை இரண்டோடு நிறுத்தி. இவை ஓடுவதற்குப் புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை, என்னிடம் வந்து வாங்குவேன் என்று நின்றாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டேப்லெட் ஏற்கெனவே இருக்கிறது, ஆங்கிலம்தான் கவலை, பிள்ளை பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்க முடியாது என்கிறவர்கள் கான் அகாடமி கிட்ஸ் பக்கம் போகலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். இதற்காகவே டேப்லெட் வாங்குவதாக இருந்தால் மட்டும் ஒரு வாரம் யோசியுங்கள். அது ஓரிடத்தில் கிடக்காது.

ஸ்கிராட்ச் ஜூனியர் போடலாமா என்று ஒரு அப்பா கேட்டார். எழுத்தே தெரியாமல் கட்டைகளைக் கோத்துப் பூனையை நடக்க வைக்கிற நல்ல விஷயம்தான், 2014-ல் வந்தது. ஆனால் அது 5 முதல் 7 வயதுக்கு. மகனுக்கு மூன்று முடிந்து இரண்டு மாதம். அவரிடம் மவுஸ் ஒன்று விற்று அனுப்பினேன்.

தங்கைக்கு லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பி மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

“அண்ணா, அந்த மீன் விளையாட்டை மட்டும் எடுத்துடு. மீன் சிக்கலேன்னா ஒரே அழுகை.”

தனியாக ஒன்றை மட்டும் எடுப்பதைவிட எளிய வழி ஒன்று சொன்னேன். ஜிகோம்ப்ரியில் ஒவ்வொரு விளையாட்டின் ஓரத்திலும் ஒரு சூரியன் படம் இருக்கும், பார்க்கப் பூ மாதிரி. அதை அழுத்தினால் அந்த விளையாட்டு ‘பிடித்தவை’ பகுதிக்குப் போய்விடும். நல்லதாக ஆறேழுக்குப் பூப் போட்டுவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் திறந்து வை, மீன் கண்ணிலேயே படாது என்றேன்.

மறுநாள் மறுபடி அழைத்தாள். பூ என்றதும் பிள்ளை மவுஸைப் பிடுங்கிக்கொண்டு தானே போட்டாளாம். முதல் பூ மீனுக்கு.